கோவிந்தராசுவின் கடைசிப் புது வாடிக்கையாளர்

கோவிந்தராசு மனிதர்களை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். பழைய வாடிக்கையாளர்கள், புது வாடிக்கையாளர்கள். பழையவர்களுக்கு இந்த உலகம் எதையும் தராது, விலையை மட்டும் ஏற்றும். புதிதாக வருகிறவருக்குத்தான் குடை, பயணப்பெட்டி, முதல் மாதம் இலவசம், முதல் சவாரிக்குக் கட்டணக் கழிவு எல்லாம். இதை அவர் இளம் வயதிலேயே கண்டுகொண்டார். ஆகவே எல்லா இடத்திலும், எப்போதும், புதிதாகவே இருந்துவிடுவது என்று முடிவு செய்தார்.

சிங்கப்பூரில் சாங்கி பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. செங்காங்கில் நாலறை வீடு. அந்த நாலில் ஓர் அறை பயணப்பெட்டிகளுக்கு. எல்லாம் கடன் அட்டைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவை. குடும்பத்தில் யாரும் அதிகமாகப் பயணம் போனதில்லை என்பதால் பெரிய பெட்டிக்குள் நடுப்பெட்டி, நடுப்பெட்டிக்குள் சின்னப் பெட்டி, சின்னப் பெட்டிக்குள் குடைகள். ஒருமுறை வீட்டில் சுடுநீர்க் கருவி பழுதானபோது, பக்கத்து உடற்பயிற்சிக் கூடத்தின் இலவச வாரத்தில் சேர்ந்து, ஒரு பளுவையும் தூக்காமல் தினமும் வெந்நீரில் குளித்துவிட்டு வந்தார். அங்கிருந்த பயிற்சியாளர் ஒருநாள் மெதுவாகக் கேட்டிருக்கிறார், அங்கிள், உடம்புக்கு ஏதாவது செய்யலாமே என்று. அதற்குத்தான் குளிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இந்த வாழ்க்கையில் ஒரே ஒரு கஷ்டம். ஒரு மனிதன் ஓர் இடத்தில் ஒருமுறைதான் புதியவனாக இருக்க முடியும். தன் பெயர் தீர்ந்ததும் மனைவி சுசீலாவின் பெயரை எடுத்தார். அதுவும் தீர்ந்ததும் மகள் யாமினியின் பெயர். பிறகு ஈசூனில் இருக்கும் மச்சானுடைய பெயர். மச்சான் கொஞ்ச நாளில் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். சாப்பாடு கொண்டுவரும் செயலி ஒன்றில் யாமினி இன்னும் 'கோவிந்தராசு திரீ' என்ற பெயரில்தான் இருக்கிறாள். தாதியாக இரவு வேலை முடிந்து வந்து அவள் பசியோடு எதையாவது வரவழைத்தால், கதவருகில் ஓர் இளைஞன் நின்று, "கோவிந்தராசு திரீ?" என்று கேட்பான். அவளும் ஆமாம் என்று வாங்கிக்கொள்வாள்.

இன்னொரு ஆசையும் அவருக்கு இருந்தது. பழைய பொருள்களைச் சேர்ப்பது. பொதுத் தொலைபேசிக் காலத்து அட்டைகள் பிஸ்கட் டின்களில் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அலமாரியின் மேல்தட்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத ஒரு ஜோடிப் பூனைப் பொம்மை. கல்யாண உடையில் பெண் பூனை, மாப்பிள்ளைப் பூனை. இரண்டாயிரமாம் ஆண்டில் ஒரு பர்கர் கடை சாப்பாட்டோடு விற்றது. ஊரே வரிசையில் நின்று வாங்கியது. கோவிந்தராசுவும் நின்றார். அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் சுசீலாவுக்கு வலி எடுத்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனார். கோவிந்தராசு மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது யாமினி பிறந்திருந்தாள். அவர் கையில் மணமக்கள் பூனை இருந்தது. சுசீலா பிள்ளையைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பொம்மையைப் பற்றிப் பேச்சே கிடையாது. தூசி தட்டும்போதுகூட அதைத் தாண்டித்தான் தட்டுவாள்.

அவரோ ஞாயிற்றுக்கிழமைதோறும் இணையத்தில் பூனையின் விலையைப் பார்ப்பார். பிறகு, இன்னும் ஏறும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இப்படியிருக்கும்போது யாமினிக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை அகிலன், வங்கியில் வேலை. பொங்கோலில் அம்மா பூவம்மாவோடு இருக்கிறான். அப்பா இல்லை. பூவம்மா பாலர் பள்ளி ஒன்றில் பல வருஷம் சமையல் செய்து ஓய்வு பெற்றவர். வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவர். பெண் பார்க்க வந்த அன்றே சுசீலாவின் கேசரியில் முந்திரி அதிகம், நெய் குறைவு என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்.

மாப்பிள்ளையின் சம்பளம், குணம், ஜாதகம் எல்லாம் சுசீலா பார்த்துக்கொண்டாள். கோவிந்தராசு பார்த்தது சம்பந்தியம்மாவின் கைத்தொலைபேசியை. அதில் பக்திப் பாடல்கள் இருந்தன, வாட்ஸப் இருந்தது. வேறு ஒன்றுமே இல்லை. கடைச் செயலி இல்லை, புள்ளி சேர்க்கும் அட்டை இல்லை. இந்த ஊரில், இந்தக் காலத்தில், எங்கேயும் பதிந்துகொள்ளாத ஒரு மனுஷி. கோடாலி படாத காட்டைப் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

சிராங்கூன் சாலையில் செல்வாம்பிகை நகைக்கடை என்று ஒன்று. அங்கே புது உறுப்பினர் எதையாவது வாங்கினால் ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் இலவசம். கோவிந்தராசு வீட்டில் எல்லாரும் அங்கே எப்போதோ உறுப்பினர் ஆகி, சிமிழ், டிபன் டப்பா, மஞ்சள் பை என்று வாங்கி முடித்தாயிற்று. அவர் பூவம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சம்பந்தியம்மா, உங்களை நம்ம குடும்ப குரூப்ல சேர்த்துடுறேன். இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க."

பூவம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வந்த எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். குடும்பக் குழுவில் சேர்ந்தார். கூடவே நகைக்கடையிலும் சேர்ந்தார். இரண்டாவது விஷயம் அவருக்குத் தெரியாது.

மறுவாரம் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போன கோவிந்தராசு, அப்படியே நகைக்கடைக்கும் போனார். கடையிலேயே மலிவாக இருந்த ஒரு ஜோடி மெட்டியைப் பூவம்மாவின் பெயரில் வாங்கினார். சிமிழ் கைக்கு வந்தது. விற்பனையாளர் அப்துல் கஃபாருக்கு அவரை நன்றாகத் தெரியும். யாருண்ணே இந்தப் பூவம்மா என்று கேட்டார். நமக்கு வேண்டியவங்க என்றார் கோவிந்தராசு. அது பொய்யும் இல்லை.

சிமிழைத் தனக்கென்று வைத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. அவர் பேராசைக்காரர் இல்லை. நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டில் வைத்து, சம்பந்தியம்மாவுக்கே பரிசாகக் கொடுத்தார். தட்டு நிறைந்தது, செலவும் இல்லை, கொடுத்த பேரும் கிடைத்தது. இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்?

பூவம்மாவுக்குச் சிமிழ் ரொம்பப் பிடித்துவிட்டது. போகிற இடமெல்லாம் கைப்பையில் எடுத்துப்போனார். எந்தக் கடை என்று சுசீலாவிடம் கேட்டார். சுசீலாவுக்கு என்ன தெரியும், கடைப் பெயரைச் சொல்லிவிட்டாள். அதுவரை பூவம்மா தாலியைத் தங்கள் குடும்ப ஆசாரியிடம் செய்வதாகத்தான் இருந்தார். இப்போது மாற்றிக்கொண்டார். இவ்வளவு நேர்த்தியாகச் சிமிழ் செய்கிற கடையில்தான் என் மருமகளுக்குத் தாலியும் கொடியும் எடுப்பேன் என்றார்.

ஆவணியில் கல்யாணம். ஆடி பிறப்பதற்குள் தாலிக்குத் தங்கம் எடுத்துவிட வேண்டும். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இரண்டு குடும்பமும் நகைக்கடையில் கூடியது. கோவிந்தராசு வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர் வராமல் தாலிக்குத் தங்கம் எடுப்பதா என்று சுசீலா வேட்டியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பூவம்மா முதலில் கைப்பையிலிருந்து சிமிழை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தார். தங்கம் எடுத்ததும் அதிலிருந்து குங்குமம் எடுத்து வைக்க வேண்டும். பிறகு தாலியும் கொடியும் பார்த்து முடித்தார்கள். கஃபார், புது உறுப்பினருடைய முதல் நகைக்குச் செய்கூலி முழுவதும் தள்ளுபடி என்றார். தாலிக்கொடிக்குச் செய்கூலி என்பது கொஞ்சநஞ்சக் காசு இல்லை. பூவம்மா மகிழ்ச்சியாகத் தன் தொலைபேசி எண்ணைச் சொன்னார்.

கஃபார் கணினியைப் பார்த்தார். பிறகு கோவிந்தராசுவைப் பார்த்தார். கோவிந்தராசு உச்சியில் சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க ஏற்கெனவே மெம்பர். முதல் நகையா ஒரு ஜோடி மெட்டி வாங்கியாச்சு, பரிசும் வாங்கியாச்சுன்னு இருக்கு."

"நானா? இந்தக் கடை வாசப்படியை இன்னைக்குத்தான் மிதிக்கிறேன்."

அகிலனின் முகம் மாறியது. வங்கியில் மாதம் ஒருமுறை மோசடியைப் பற்றி அவனுக்கு வகுப்பு எடுக்கிறார்கள். அம்மாவின் எண்ணை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றான். யாரிடமாவது ஓடிபி சொன்னீர்களா என்று கேட்டான். பூவம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சமூக மன்றத்தில் போலீஸ்காரர் வந்து சொன்ன நாளிலிருந்து ஓர் எண்ணையும் யாரிடமும் சொன்னதில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. யாரிடமும் என்றால் வெளியாள். சம்பந்தி எப்படி வெளியாள் ஆவார்?

"சம்பந்தி, நீங்க இங்க மெம்பரா?" என்று பூவம்மா திரும்பினார்.

உண்மையைச் சொல்ல அதுதான் நல்ல நேரம். ஆனால் கோவிந்தராசுவின் வாய் தன் வழியில் போனது. "நானா? சிமிழ் வாங்க ஒரே ஒரு தடவை வந்ததுதான். மெம்பர் கிம்பர்லாம் இல்ல."

சுசீலா கணவனை மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய சமையலறையில் இந்தக் கடையின் டிபன் டப்பா மட்டும் மூன்று இருக்கிறது.

பூவம்மா சிமிழை எடுத்துப் பைக்குள் போட்டார். "திருடன் யாருன்னு தெரியாம நான் தாலிக்குத் தங்கம் எடுக்க மாட்டேன். தொடக்கமே சரியில்ல. ஆவணியில இல்லன்னா தையில பார்ப்போம்." யாமினி அப்பாவைப் பார்த்தாள். அவளும் அகிலனும் கல்யாணத்துக்குப் பிறகு போக வாடகை வீடு பார்த்து முன்பணம் கட்டியிருந்தார்கள். தை என்றால் எல்லாம் போய்விடும். தாதிகள் நோயாளியைப் பார்ப்பதுபோல் அப்பாவைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

கோவிந்தராசு ஒரு வாரம் தவணை கேட்டார். கடைக்காரர்களிடம் தான் பேசிச் சரிசெய்வதாகச் சொன்னார். அகிலன் அதுவரை போலீசில் புகார் கொடுக்காமல் பொறுத்திருக்க ஒப்புக்கொண்டான்.

ரயில் ஃபேரர் பார்க் நிலையத்தைத் தாண்டியது. சுசீலா கேட்டாள், "மெட்டி எங்க?" அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அத்தனை நாளும் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அவள் மெட்டியைக் கைப்பையில் போட்டு மூடினாள்.

மறுநாள் கோவிந்தராசு தனியாகப் போய்க் கஃபாரைப் பார்த்தார். கணினியில் பூவம்மாவை மறுபடியும் புதியவராக ஆக்க முடியுமா என்று கேட்டார். ஒருமுறை பழசானால் பழசுதான் என்றார் கஃபார். இதைக் கோவிந்தராசுவுக்கே ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே ஒரு வழி உண்டு. செய்கூலியைக் கோவிந்தராசு முன்கூட்டியே கட்டிவிட்டால், கஃபார் அந்த அம்மாவிடம் தள்ளுபடி என்று சொல்லிக்கொள்வார்.

"உங்களுக்காக வாய் திறக்காம இருக்கேண்ணே. ஆனா அந்த அம்மா நேரா கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன்."

வங்கியில் இருந்த பணம் எல்லாம் மண்டபத்துக்கும் விருந்துக்கும் ஏற்கெனவே ஒதுக்கியது. அதில் கை வைத்தால் சுசீலா கையை எடுத்துவிடுவாள். வீட்டுக்கு வந்து அவர் கஃபார் சொன்னதைச் சுசீலாவிடம் சொன்னார். பிறகு சோபாவில் சாய்ந்துகொண்டு, இந்த ஊரில் இன்னும் எந்த வங்கி தனக்குப் புதியது என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் மிச்சமில்லை. சுசீலா நாற்காலி போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பூனைகளை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"யாமினி பிறக்குறப்ப இதுக்காக என்னை விட்டுட்டுப் போனீங்க. இப்ப அவளுக்காக இதை விட்டுடுங்க."

அவர் விற்பனைத் தளத்தில் படம் போட்டார். அப்போதுதான் ஓர் உண்மை விளங்கியது. அந்த ஆண்டு வரிசையில் நின்ற பாதி ஊரும், அவரைப் போலவே, பொம்மையைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்து, இன்னும் ஏறும் என்று காத்திருந்திருக்கிறது. அத்தனை பேரும் இப்போது விற்றுக்கொண்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் அவர் பார்த்தது மற்றவர்கள் கேட்ட விலை. யாரும் கொடுத்த விலை இல்லை.

வைஷாலி என்ற இளம்பெண் வாங்க வந்தாள். தன் கல்யாணக் காரின் முன்னால் வைக்கப் போகிறாளாம். செங்காங் ரயில் நிலையத்தில் சந்திப்பு. அவள் கட்டண வாயிலுக்கு வெளியே வரவில்லை. வெளியே வந்து மறுபடி உள்ளே போனால் இன்னொரு கட்டணம். உள்ளே நின்றபடியே கையை நீட்டினாள். கோவிந்தராசு வெளியே நின்றபடி தடுப்பின் மேல் பூனைகளைக் கொடுத்தார். இந்தப் பெண் நம் ரகம் என்று அவருக்கு மரியாதை வந்தது. அடுத்த நிமிஷமே அது தீர்ந்தது.

"அங்கிள், நான் நியூ யூசர் லா. ஃபர்ஸ்ட் டைம் வாங்குறேன். கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

வாழ்நாள் முழுக்கத் தான் சொன்ன சொல்லை வேறொருவர் வாயில் கேட்பது அவருக்கு அதுவே முதல்தடவை. குறைத்துக்கொண்டார். அவள் உறையை அங்கேயே பிரித்து, மாப்பிள்ளைப் பூனையின் கழுத்தை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். கால் நூற்றாண்டாகப் பிரிக்காமல் காத்த உறை குப்பைத்தொட்டியின் விளிம்பில் தொங்கியது. அவர் அதை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பூனை போதவில்லை. தொலைபேசி அட்டை டின்களும் போயின. பயணமே போகாத பயணப்பெட்டிகளும் போயின. கடைசியில் செய்கூலி சேர்ந்தது. மெட்டிக்கும் சிமிழுக்கும் ஆசைப்பட்டதற்கு ஓர் அறையே காலியாயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரும் மறுபடியும் கடையில். கஃபார் கீழே பார்த்துக்கொண்டே, செய்கூலி இல்லை, நீங்கள் கொடுக்க வேண்டாம் என்றார். கணினியில் தவறு நேர்ந்திருக்கும், கடை அதைத் திருத்திவிட்டது என்று பூவம்மா தானாகவே எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்தது. தாலியும் கொடியும் எடுத்தாயிற்று. சிமிழைத் திறந்து குங்குமமும் வைத்தாயிற்று. யாமினி மூச்சு விட்டாள். கோவிந்தராசு இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போது பூவம்மாவின் கண்ணில் மேசையில் ஒட்டியிருந்த அறிவிப்பு பட்டது. ஓர் உறுப்பினர் இன்னொரு புதியவரைச் சேர்த்துவிட்டால் இருவருக்கும் வெள்ளிக் காசு. பூவம்மா முதல் தள்ளுபடியின் ருசி கண்டவர். சும்மா இருப்பாரா?

"சம்பந்தி, நீங்கதான் மெம்பர் இல்லையே. உங்க நம்பர் சொல்லுங்க."

கோவிந்தராசு வெள்ளிக் காசெல்லாம் எதற்கு என்றார். எனக்கும் கிடைக்குமே என்றார் பூவம்மா. அவருடைய எண் குடும்பக் குழுவிலேயே இருந்தது. பூவம்மா தானே எடுத்து, ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார். கடையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி தட்டிப் பார்த்து, இவர் ஏற்கெனவே உறுப்பினர் என்றாள்.

பூவம்மா நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ சம்பந்தி, அப்ப அது திருடன்தான்! உங்களையும் ஏமாத்திட்டானா!"

சுசீலாவின் எண்ணைத் தட்டச் சொன்னார். ஏற்கெனவே உறுப்பினர். யாமினி, ஏற்கெனவே உறுப்பினர். ஈசூன் மச்சான்கூட. ஒரு குடும்பத்தையே சுருட்டியிருக்கிறான் என்று பூவம்மாவின் கண் கலங்கியது. அகிலன் கைத்தொலைபேசியை எடுத்தான். இது பெரிய கும்பல், இனியும் பொறுத்திருக்க முடியாது, இப்போதே போலீசில் சொல்லிவிடுகிறேன் என்று எண்ணைத் தட்டத் தொடங்கினான். பூவம்மா கோவிந்தராசுவின் தோளில் கை வைத்து, கவலைப்படாதீங்க, நம்ம ரெண்டு பேரும் சேர்ந்தே புகார் கொடுப்போம் என்றார். யாரும் தன்னிடம் இவ்வளவு பரிவாகப் பேசி அவர் கேட்டதில்லை. அந்தப் பரிவுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

"தம்பி, போனை வைங்க," என்றார். பிறகு பூவம்மாவிடம், "சம்பந்தியம்மா, அந்தச் சிமிழை மூடிட்டுத் திருப்பிப் பாருங்க."

பூவம்மா சிமிழை மூடித் திருப்பினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அடிப்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'செல்வாம்பிகை, புது உறுப்பினருக்கு அன்பளிப்பு' என்று பொறித்திருந்தது. படித்தார். மறுபடியும் படித்தார். குடும்பக் குழுவில் சேர்ந்த நாள் அவருக்கு நினைவுக்கு வருவதை எல்லாராலும் அவர் முகத்தில் பார்க்க முடிந்தது.

"அப்ப என் பரிசைத்தான் எனக்கே பரிசா குடுத்தீங்க."

கோவிந்தராசு தலையை ஆட்டினார். பூவம்மா கஃபார் பக்கம் திரும்பி, இந்தச் செய்கூலியை யார் கட்டியது என்று நேராகக் கேட்டார். கஃபார் கோவிந்தராசுவைக் கை காட்டினார்.

"எதைக் கொண்டு கட்டினாரு?"

"பூனையை வித்து," என்றாள் சுசீலா.

எந்தப் பூனை என்று பூவம்மா கேட்க, யாமினி சொன்னாள். வரிசையையும், பிரசவத்தையும், உறையைப் பிரிக்காமல் வைத்திருந்ததையும், ரயில் நிலையத்தில் தடுப்புக்கு மேலே கொடுத்ததையும் சொன்னாள். தன்னை இன்னும் கோவிந்தராசு திரீ என்று கூப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். அகிலன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பூவம்மா சிரிக்கவில்லை. தாலி இருந்த சிவப்புப் பெட்டியை மூடி, மேசையின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பெட்டியை அவர் திருப்பித் தள்ளிவிடுவாரோ என்று யாமினி அந்த விரலையே பார்த்தாள். பூவம்மா பெட்டியை எடுத்தார். சிமிழையும் எடுத்தார். இரண்டையும் கைப்பையில் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"ஆவணியிலேயே வெச்சுக்குவோம்," என்றார். பிறகு கோவிந்தராசுவைப் பார்த்து, "இன்னும் எந்தெந்தக் கடையில என் பேரு புதுசா இருக்கு?"

கோவிந்தராசுவுக்கு அது மனப்பாடம். மருந்துக் கடை, டாக்சிச் செயலி, மின்சாரக் கம்பெனி என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. மேசைக்குக் கீழே சுசீலாவின் கால் அவர் காலை மிதித்தது. வாயை மூடிக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்க சம்பந்தி," என்றார் பூவம்மா, கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டே. "எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க. நம்பர் வந்தா நானே அடிச்சுக்குறேன்."